வேப்பிலை கசந்தது

கூடப் படித்த நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு காணொளி சுற்றியது. உலகத்திலேயே கொடிய விஷமுள்ள பாம்பு எது என்று. எங்கோ ஆஸ்திரேலியாவில் இருக்கிறதாம். அதன் ஒரு கடியில் இருக்கிற விஷம் ஒரு தெருவையே காலி பண்ணிவிடுமாம். நம்மில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு முட்டிவலி. ஆனாலும் விடிந்ததும் விடியாததுமாக ஆளாளுக்குக் கண்ணை உருட்டும் பொம்மைகளை அனுப்பி, "யாத்தே, யாத்தே" என்று ஒரே ஆர்ப்பாட்டம். அந்தப் பாம்பு இருக்கிற இடத்தில் மனுஷ நடமாட்டமே கிடையாது, ஆளைக் கண்டால் ஒதுங்கிப் போய்விடும் என்பதையும் அதே காணொளியின் கடைசியில் சொன்னார்கள். அதுவரைக்கும் பார்க்க நம் ஆட்களுக்கு ஏது பொறுமை.

நான் ஒன்றும் எழுதவில்லை. "என்னம்மா, பாம்புன்னதும் ஆளையே காணோம்" என்று நம் லாரி செட்காரர் கேலி வேறு பண்ணினார். என் அக்காவை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். ஓடைப்பட்டியில் என்னை பஸ் ஏற்றிவிட வருவாள். நெடுநெடுவென்று உயரம், ஒற்றைச் சடை, பஸ் கிளம்பும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வம்பு பேசுவாள். அவள் எப்படிப் போனாள் என்று யாராவது கேட்டால் "பாம்பு கடிச்சு" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். அது பாதிதான். மீதியை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

அப்போது எங்கள் வீடு தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. பன்னீர்த் திராட்சை காய்ப்புக்கு வந்து பழம் கறுக்கத் தொடங்கிய சமயம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்த மருந்து இலைகளில் நீலநீலமாகக் காய்ந்திருக்கும். பந்தலுக்குக் கீழே ஒரு நடை போய்வந்தால் கை நீலம், முடி நீலம், பள்ளிக்கூடச் சட்டையும் நீலம். சாயங்காலம் மேகமலைப் பக்கமிருந்து காற்று இறங்கும்போது மருந்து வாடையும் பழ வாடையும் கலந்து வீட்டுக்குள் வரும். எனக்கு இன்றைக்கும் அந்தப் பழ வாடை ஆகாது. பழக்கடையைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு போவேன். என் பேரப்பிள்ளைகளுக்கு அது ஒரு வேடிக்கை.

தோட்டத்தின் மூலையில் ஒரு புற்று இருந்தது. அதில் ஒரு நல்ல பாம்பு. அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் பாலும் முட்டையும் வைப்பாள். எப்போதாவது அது வரப்பில் தலை காட்டினால் தோட்டத்து வேலை மொத்தமும் நின்றுபோகும். களையெடுக்கும் பெண்கள் ஒருத்தருக்கொருத்தர் குரல் கொடுப்பார்கள், கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொள்வார்கள், அது புற்றுக்குள் போகும்வரைக்கும் கும்பிட்டுக்கொண்டு நிற்பார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளாக அது ஒருத்தரையும் கடித்ததில்லை. கடிக்க நாங்கள் எங்கே அதற்கு வாய்ப்புக் கொடுத்தோம்?

சுருட்டை விரியன் கதை வேறு. முழங்கை நீளம்தான் இருக்கும். மண் நிறத்தில் கிடக்கும், கண்ணுக்கே தெரியாது. பக்கத்தில் ஆள் வந்தால் சுருண்டுகொண்டு உடம்பை உடம்போடு தேய்க்கும். கல் உப்பை வறுக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். தோட்டத்திலிருந்து பொறுக்கிப்போட்ட கல் குவியலிலும், கொடிகளைக் கவாத்து பண்ணி வெட்டிய குச்சிகளை அடுக்கிவைத்த விறகுப் போரிலும் அவை இருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். "சுருட்டைதான" என்று மண்வெட்டியால் ஒதுக்கித் தள்ளிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்ததெல்லாம் "தட்டிட்டு எடு" என்பது ஒன்றுதான். பயந்த பாம்பிடம் எட்ட நின்றோம், பழகிப்போன பாம்போடு குடித்தனம் நடத்தினோம்.

அக்காவுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த வருஷம் அது. சின்னமனூர்ப் பக்கம் ஒரு சம்பந்தம் தட்டு மாற்றுகிற அளவுக்கு வந்து, ஜாதகம் பார்த்தபோது நாகதோஷம் என்று விட்டுப்போயிற்று. அதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் கிடையாது. அரசமரத்தடியில் இருக்கிற நாகர் சிலைகளுக்கு மஞ்சள் பூசிப் பூசி அவள் விரல் நகமெல்லாம் மஞ்சளாகிவிட்டது. பாம்பு என்ற சொல்லையும் அக்காவையும் ஒரே பேச்சில் யாரும் சேர்த்துச் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அன்றைக்கு வீட்டில் சாப்பாடு இறங்காது. தோஷக்காரப் பெண் என்று பேர் ஒட்டிக்கொண்டால் அப்புறம் கழுவவே முடியாது என்று பயந்தாள். அந்தப் பயம் பொய்யில்லை. அப்படிப் பேர் எடுத்து, வயது ஏறிப்போய், தம்பி வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் எங்கள் ஊரிலேயே இருந்தார்கள்.

அப்புறம்தான் லோயர் கேம்ப்பிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு மின்சார நிலையத்தில் சம்பள வேலை. தரகரிடம் அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டாள்: "எங்களுக்கு இந்த ஜாதகம் கீதகத்துல எல்லாம் நம்பிக்கை கிடையாது. மனப்பொருத்தம் இருந்தாப் போதும்." அந்தப் பக்கமும் மறுபேச்சில்லாமல் சரி என்று சொல்லிவிட்டார்கள். தெய்வமே கண்ணைத் திறந்ததாக அம்மா நினைத்தாள். வீட்டுத் தரைக்கு அப்பா புதிதாகச் சிவப்பு சிமெண்ட் பூசவைத்தார். முகம் தெரிகிற மாதிரி மினுக்கிய தரை.

அக்காவுக்கும் இந்த இடம் பிடித்திருந்தது. கம்பத்தில் ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்த்திருக்கிறாள்.

"கை கழுவுற இடத்துல எனக்குச் செம்பு எடுத்துக் குடுத்தாகடி" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். "அங்கன மலையிலருந்து பெரிய பெரிய குழாயில தண்ணி இறங்குமாம். வாய்க்கால்ல எந்நேரமும் தண்ணி ஓடுமாம். இங்கன மாதிரி கிணத்தை எட்டி எட்டிப் பாக்க வேணாம்."

"அப்ப என்னை யாரு பஸ் ஏத்திவிடுவா?"

"நீயே ஏறிக்கிற வேண்டியதுதான். பெரிய மனுசி."

பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம். அம்மா முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள். எண்ணெய் காய்கிற வாடை, வெல்லப் பாகின் வாடை. அடுப்பு தணியத் தொடங்கியதும் உள்ளேயிருந்து குரல் வந்தது: "ஏத்தா, வெறகு எடுத்துட்டு வா, வெரசா." அக்காவும் நானும் விறகுப் போருக்கு ஓடினோம். அவள் கை நிறையக் குச்சிகளைப் பற்றி இழுத்தாள். தட்டவில்லை. அடுப்பு அணைந்துவிடுமே என்ற அவசரம். குச்சிகளோடு சேர்ந்து ஏதோ கீழே விழுந்தது. அந்த உப்பு வறுக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அக்கா காலை உதறினாள். கொலுசுக்குக் கீழே, கணுக்காலில், சின்னதாக இரண்டு புள்ளி.

"அம்மா, சுருட்டை" என்றாள். கத்தக்கூட இல்லை. பால் பொங்கிவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

அம்மா ஓடிவந்தாள். காலைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் பந்தல் பக்கம் திரும்பி, வேலைக்காரப் பெண்கள் யாராவது இன்னும் இருக்கிறார்களா என்று பார்த்தாள். அந்தப் பார்வையை நான் அன்றைக்குச் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டேன். யாரும் இல்லை என்று தெரிந்ததும் அக்காவை உள்ளே இழுத்துக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள். என்னை ஒரு கொத்து வேப்பிலை பறித்துவரச் சொன்னாள்.

"மெல்லு."

அக்கா மென்றாள்.

"கசக்குதா?"

"கசக்குதும்மா."

"நல்லா மென்னு சொல்லு தாயி. இனிப்பு கினிப்பு தட்டுதா?"

"இல்லம்மா. கசப்புதான். கொமட்டுது."

அப்புறம் ஒரு பச்சை மிளகாய். கடித்ததும் அக்கா "ஸ்ஸ்" என்று வாயை ஊதினாள். கண்ணில் தண்ணீரோடு சிரிப்பும் வந்தது.

நம் பக்கத்தில் தெரியாதவர்கள் யார் இதை? விஷம் ஏறியிருந்தால் வேப்பிலை இனிக்கும், மிளகாய் உறைக்காது. கசந்தால் கவலையில்லை. உங்கள் வீடுகளிலும் யாராவது யாருக்காவது ஒரு தடவை கொடுத்துப் பார்த்திருப்பார்கள். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையை இரண்டு கையிலும் ஏந்திச் சாமி கும்பிட்டாள். சுருட்டையின் விஷத்துக்கு நாக்கோடு ஒரு சோலியும் கிடையாது. ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை, அதையும் அது அவசரப்படாமல் செய்யும். இதெல்லாம் பிற்பாடு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டது. அந்தப் பாம்பு கடித்தவருக்கு மூச்சு நிற்கிறவரைக்கும் வேப்பிலை கசக்கத்தான் செய்யும்.

அம்மா கடிவாயில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினாள். "வெளிய மூச்சு விடக் கூடாது ரெண்டு பேரும்" என்றாள். "தோசக்காரின்னு சொன்னாகல்ல, இந்தா பாம்பே வந்து சாட்சி சொல்லிருச்சுன்னு ஊரே பேசும். நாளைக்கு ஒரு பொழுது. தாண்டிட்டா அப்புறம் எதுனாலும் பாத்துக்கிடலாம். உங்க அப்பா கேட்டா முள்ளுன்னு சொல்லு."

அக்கா தலையை ஆட்டினாள். அவளுக்கும் நாளைக்கு ஒரு பொழுது தாண்ட வேண்டியிருந்தது.

இரவு அவள் தூங்கிவிட்டாள். வலிக்கிறது என்று சொன்னாள், தாங்க முடியாத வலி என்று சொல்லவில்லை. அலறியிருந்தால், வாயில் நுரை தள்ளியிருந்தால், அம்மா ஊரைக் கூட்டியிருப்பாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த விஷம் அப்படி ஒன்றும் காட்டாமல் இருந்ததுதான் எங்களைக் கெடுத்தது.

காலையில் கால் கணுவுக்கு மேலே வீங்கியிருந்தது. சுற்றிக் கட்டியிருந்த துணி நனைந்திருந்தது. அவிழ்த்துப் பார்த்தால் அந்த இரண்டு புள்ளியிலிருந்தும் ரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. கொட்டவில்லை, கசிந்தது. அம்மா வேறு துணி கட்டினாள். எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா பந்தலுக்கடியில் நல்ல குலையாகப் பார்த்து விருந்தாளிகளுக்குப் பறித்துக்கொண்டிருந்தார். மூங்கில் கூடையில் தழையைப் பரப்பி ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன்.

"அப்பா, அக்காவுக்குக் குத்துனது முள்ளில்ல. சுருட்டை."

அவர் கை நின்றது. விறுவிறுவென்று வீட்டுக்குள் வந்தார். அம்மாவைப் பார்த்து, "என்ன சொல்றா இவ?" என்றார்.

"வேப்பிலை கசந்துச்சுங்க" என்றாள் அம்மா. "நானே மெல்லவச்சுப் பாத்தேன். மொளகாயும் காந்துச்சு."

"கசந்துச்சா?"

"நல்லாக் கசந்துச்சு."

அப்பா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. டீக்கடையில் தினம் இரண்டு செய்தித்தாள் படித்துவிட்டு, மந்திரிப்பவர்களையும் குறி சொல்கிறவர்களையும் வாய்க்கு வந்தபடி ஏசுகிற மனுஷர் அவர். அன்றைக்கு வேப்பிலையை நம்பினார். வருகிறவர்களின் வேன் இந்நேரம் கம்பம் தாண்டியிருக்கும். எதை நம்பினால் வசதியோ அதை நம்பினார். என் தலையில் கையை வைத்து, "சரி, நீ போய்க் குளி. இதைப் போயி எங்கயும் ஒளறிக்கிட்டு இருக்காத" என்றார். அவர் கையில் திராட்சை வாடை.

குளித்துவிட்டு வந்தபோது அக்கா கொல்லைப்புறத்தில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். துப்பிய தண்ணீர் சிவப்பாக இருந்தது. திரும்பத் திரும்பக் கொப்பளித்தாள். திரும்பத் திரும்பச் சிவப்பு.

"ஈறுல ரத்தம் வருதும்மா."

"உடம்புச் சூடு. நேத்துப் பூரா அடுப்படி வெக்கை" என்று சொல்லி அம்மா மோர் கொடுத்தாள். மோரும் ஒரு வாய்க்குப் பிறகு இளஞ்சிவப்பானது. அம்மா அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் அப்போது ஒரு பயம் வந்தது. அதை நான் பார்த்தேன். அந்தப் பயத்தோடு அவள் ரோட்டுக்கு ஓடியிருக்கலாம். ஆனால் வாசலில் வேன் சத்தம் கேட்டுவிட்டது. அம்மா வெற்றிலைத் தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்து, அக்காவின் வாயில் திணித்தாள்.

"இதப் போட்டுக்க. யாரும் கேட்டா வெத்தலைன்னு நெனச்சுக்கிருவாக. வாயத் தொறந்து ரொம்பப் பேசாத."

மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஜமுக்காளம் விரித்து, அதற்கு மேலே சலவை செய்த வெள்ளை வேட்டியை விரித்திருந்தோம். மாப்பிள்ளையின் அம்மா பருத்த உடம்பு, பெரிய குரல். எல்லை ஓரத்து ஆள் என்பதால் பேச்சில் அங்கங்கே மலையாளம் எட்டிப் பார்க்கும். வந்ததும் வராததுமாக என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கன்னத்தைக் கிள்ளினார். மாப்பிள்ளை கூச்சத்தோடு சுவர்ப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

அக்கா காபித் தட்டோடு வந்தாள். மெல்ல மெல்ல, அளந்து வைத்த மாதிரி நடந்தாள். கால் வலி. "நடையப் பாருங்க, எம்புட்டு அடக்கம்" என்று கூட வந்த ஒரு பெண் சொன்னார். அக்கா உதட்டைத் திறக்காமல் சிரித்தாள்.

"என்னத்தா, என்ன படிச்சிருக்க?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

"பத்தாப்பு" என்றாள் அக்கா. அந்த ஒரு சொல்லுக்கு வாய் திறந்ததில் பல்லெல்லாம் சிவப்பாகத் தெரிந்தது.

"அட, வெத்தல பிடிச்சிருக்கிறதப் பாரு! இப்பிடிச் செவந்தா கட்டிக்கிறவன் மேல கொள்ளை ஆசைன்னு சொல்லுவாக" என்று அவர் சொல்ல, கூடமே சிரித்தது. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், அதற்குப் பிறகு நான் எத்தனையோ சாவு வீடுகளுக்குப் போயிருக்கிறேன், எந்த ஒப்பாரியும் அந்தச் சிரிப்பு மாதிரி என்னைப் பயமுறுத்தியதில்லை.

"விழுந்து கும்பிட்டுக்க தாயி" என்றாள் அம்மா. அக்கா வெள்ளை விரிப்பின் ஓரத்தில் விழுந்து கும்பிட்டு எழுந்தாள். அவ்வளவு நேரமும் அவள் நடந்தது சிவப்பு சிமெண்ட் தரையில். அதில் எதுவும் தெரியவில்லை. வெள்ளையில் தெரிந்தது. குதிகால் பட்ட இடத்தில் ஈரமாக ஒரு கறை.

மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்தார். "மருதாணியா?" என்று கேட்டுக்கொண்டே விரலால் தொட்டார். விரலை முகர்ந்தார். அப்புறம் குனிந்து அக்காவின் சேலைக் கரையைக் கொஞ்சம் தூக்கினார்.

"என்ன இது?"

"முள்ளு மதினி. வெறகு எடுக்கப் போனப்ப..." என்றாள் அம்மா.

"முள்ளுக்கு இப்பிடியா ரத்தம் நிக்காமப் போகும்?" அவர் குரலில் அந்தப் பெரிய சத்தம் இப்போது இல்லை. அக்காவின் தாடையைப் பிடித்து, "வெத்தலையத் துப்பு. துப்பிட்டு வாயத் தொற மோளே" என்றார்.

அக்கா அம்மாவைப் பார்த்தாள். அக்கா கையில் துப்பினாள். வாயைத் திறந்தாள். ஈறு முழுக்கப் புதிதாக ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது.

"சுருட்டை கடிச்சிருச்சு அத்தே" என்றாள்.

"எப்ப?"

"நேத்து சாயந்திரம்."

அந்த அம்மாள் தோஷம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எங்க அண்ணனுக்கும் ஏலத்தோட்டத்துல பாம்பு கடிச்சு இப்பிடித்தான் பல்லுல ரத்தம் வந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு மகனைப் பார்த்தார். "ஏலே, பாத்துக்கிட்டு நிக்கிற? தூக்குடா. வண்டிய எடுக்கச் சொல்லு." மாப்பிள்ளை எழுந்துவந்து அக்காவை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். கட்டிக்கொள்வதற்கு முன்னால் ஒருத்தன் நம் பெண்ணைத் தொடலாமா என்று அங்கே கேட்க யாருக்கும் வாய் இல்லை.

வேனில் அக்கா அந்த அம்மாளின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். என்னை இறக்கிவிட யாருக்கும் தோன்றவில்லை, நான் காலடியில் உட்கார்ந்திருந்தேன். சின்னமனூர் தாண்டியதும் அம்மா உடைந்துபோனாள். "தோசம்னு முன்ன ஒரு எடம் தட்டிப் போச்சு மதினி. இதுவும் தெரிஞ்சா நீங்களும் எந்திரிச்சுப் போயிருவீகன்னுதான் மறைச்சேன். வேப்பிலை கசந்துச்சு, நெசமாக் கசந்துச்சு" என்று அழுதாள்.

அந்த அம்மாள் அக்காவின் வாயை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்த எடம் தட்டிப் போனது எங்களுக்குத் தெரியும்" என்றார் கடைசியில். "தெரிஞ்சுதான் தேடி வந்தோம். எம் மகனுக்கும் அதே தோசந்தான். தோசத்துக்குத் தோசம் சேத்தாச் சரியாப் போகும்னு சோசியர் சொன்னாரு. வெளிய சொன்னா வேற பொண்ணு கெடைக்காதேன்னு நானும் வாயத் தொறக்கல. மனப்பொருத்தம் போதும்னு நீங்க சொன்னப்ப எனக்கு எம்புட்டு நிம்மதி தெரியுமா?"

அம்மா அழுவதைக்கூட மறந்து அவரைப் பார்த்தாள். மடியில் கிடந்த அக்கா கண்ணைத் திறந்தாள்.

"அப்ப நல்லதாப் போச்சு அத்தே" என்றாள். சிரித்தாள். அந்தச் சிவந்த பற்களோடு, உதட்டை மறைக்காமல் அவள் அன்றைக்குச் சிரித்தது அப்போதுதான். கொஞ்ச நேரம் கழித்து, "தலை வலிக்குது" என்றாள்.

வீரபாண்டி தாண்டும்போது அம்மா கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். தேனியில் ஆஸ்பத்திரி வாசலிலேயே ஸ்ட்ரெச்சரில் போட்டார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எப்பக் கடிச்சது?" என்பதுதான்.

"இப்பத்தான், காலையில" என்றாள் அம்மா.

அவள் வேண்டுமென்று சொல்லியிருக்க மாட்டாள். பொய் அதுவாக வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா, "நேத்து சாயந்திரம் சார்" என்று திருத்தினார். டாக்டர் எங்கள் எல்லோர் முகத்தையும் ஒரு முறை பார்த்தார். உள்ளே ஓடினார். விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள், அந்த மருந்து அங்கே இருந்தது. முந்தின நாளும் இருந்திருக்கும். முந்தின நாள் சாயங்காலம் எங்கள் ஊரிலிருந்து தேனிக்கு பஸ்ஸும் இருந்தது.

ஊசி போடப்போட ஈறில் ரத்தம் நின்றுவிட்டது என்று நர்ஸம்மா வெளியே வந்து சொன்னபோது அப்பா சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். பிழைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தோம். ஆனால் தலைக்குள் முன்னாலேயே ரத்தம் கசிந்துவிட்டிருந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் அக்கா போய்விட்டாள்.

மறுநாள் எங்கள் தோட்டத்தில் ஊரே கூடியிருந்தது. ஆண்கள் கம்பும் கடப்பாரையுமாக அந்த விறகுப் போரைப் பிரித்துப் போட்டார்கள். ஒவ்வொரு அடுக்காகத் தூக்கத் தூக்க உள்ளேயிருந்து சுருட்டைகள் வந்துகொண்டே இருந்தன. பெரியது, சின்னது, விரல் தண்டிக்குக் குட்டிகள். நாங்கள் தினம் கையை விட்டு எடுத்த இடத்தில் அத்தனை இருந்தன. எல்லாவற்றையும் அடித்து, குச்சிகளோடு சேர்த்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். அந்தப் புகை பந்தலுக்குள் புகுந்து, பழுத்த குலைகளுக்கு நடுவே நின்றது. கூட்டத்தில் ஒருத்தர், புற்றையும் இடித்துவிட வேண்டும் என்று சத்தம் போட்டார். கடிக்காத பாம்பின் மேலும் கோபம் வந்துவிட்டது ஊருக்கு.

கூடத்தில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா லோயர் கேம்ப்புக்குத் திரும்பிப் போகவில்லை. தேனியிலிருந்து எங்களோடேயே வந்து, பெண்களோடு பெண்ணாக அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அம்மா நெஞ்சில் அறைந்துகொண்டு, "அந்தச் சனியன் எம் பிள்ளையக் கொன்னுருச்சே, எம் பிள்ளையக் கொன்னுருச்சே" என்று அரற்றிக்கொண்டே இருந்தாள். சுற்றியிருந்தவர்களும் பாம்பைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மாள் நகர்ந்து வந்து அம்மாவின் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கோபமே இல்லாத குரலில் சொன்னார்:

"அது ஒரு நிமிசம் கடிச்சுச்சு மதினி. கடிச்சுட்டு அது பாட்டுக்குப் போயிருச்சு. மிச்ச நேரம் பூரா பிள்ளை நம்மகிட்டத்தான இருந்துச்சு."

அம்மாவின் அழுகை அப்படியே நின்றது. அதற்குப் பிறகு அவள் உயிரோடு இருந்த காலம் முழுக்க, யாருடைய சாவுக்கும் அவள் வாய்விட்டு அழுது நான் பார்த்ததில்லை.